பதினொரு மாதம் இறாலைக் குற்றம் சொன்னேன்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையால் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் கடல். மீன்காரத் தம்பி மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வந்து கேற்றடியில் ஹோர்ன் அடிப்பார். அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு 2023 ஏப்ரலில் இருந்து 2024 மார்ச் வரை, 11 மாதம், நான் ஒரு இறால் கூடச் சாப்பிடவில்லை. நண்டு, கணவாய், கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி எல்லாவற்றையும் விட்டேன். ஆனால் சமைப்பதை விட முடியவில்லை. மதியச் சாப்பாட்டுப் பார்சல் கட்டி விற்பதுதான் என் தொழில். இறால் குழம்பு வைத்த நாட்களில் உப்புப் பார்க்க மகளைக் கூப்பிடுவேன்.

எல்லாம் என் கைகளுக்காக.

பார்சல் தொழிலை 2022 ஆகஸ்டில் தொடங்கினேன். அந்த வருடம் எப்படி இருந்தது என்று இங்கே இருந்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை. காஸ் வரிசை, பெற்றோல் வரிசை, மாத நடுவிலேயே முடிந்துபோகும் கணவரின் சம்பளம். முதலில் 12 பார்சல். மூன்று மாதத்தில் 40 ஆனது. உட்துறைமுக வீதிப் பக்கத்துக் கந்தோர்களுக்கு அவர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார். 40 பார்சல் என்றால் ஒரு பெரிய சோற்றுப்பானை, ஐந்தாறு கறிச்சட்டிகள், கரண்டிகள், தாச்சி, எல்லாமே என் கையால்தான் கழுவ வேண்டும். கட்டிச் சவர்க்காரம் விற்ற விலைக்குக் கட்டுப்படியாகாது என்று, தொடங்கிய மாதமே ஐந்து லீற்றர் கேனில் வரும் பாத்திரம் கழுவும் லிக்குயிட்டுக்கு மாறினேன். எலுமிச்சை மணம், நல்ல நுரை, விலையும் குறைவு. ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. இந்த ஆறு மாதத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

2023 பெப்ரவரியில் வலது கையில் மோதிர விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கடி தொடங்கியது. (இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்கு: அரிப்பை நாங்கள் கடி என்றுதான் சொல்வோம்.) இரண்டு கிழமையில் ஜவ்வரிசி போலச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். அவை உடைந்து நீர் வடிந்து, காய்ந்து, தோல் உரிந்து, பிறகு விரல் மடிப்புகளில் வெடிப்பு. வெடித்த கையால் தேங்காய் துருவிப் பாருங்கள். மிளகாய்த்தூள் டப்பாவைத் திறக்கவே பயமாக இருக்கும். இரவில் நித்திரையில் சொறிந்து தலையணை உறையெல்லாம் இரத்தப் பொட்டு. அதைவிட எனக்கு நொந்தது வேறு. ஒரு நாள் பார்சலைக் கையில் வாங்க வந்த ஒருவர் என் விரல்களைப் பார்த்துவிட்டு, "மேசையில வைச்சிட்டுப் போங்கோ அக்கா" என்றார். அடுத்த நாளில் இருந்து அவர் எடுக்கவில்லை. தொற்று வருத்தம் என்று நினைத்திருப்பார். எனக்கும் அப்போது தெரியாது, இது ஒருவரிடம் இருந்து ஒருவருக்குத் தொற்றாது என்று.

கையைக் காட்டியவர்களில் பத்தில் ஒன்பது பேர் சொன்னது ஒரே சொல்: கிரந்தி. "இறாலும் கத்தரிக்காயும் விடு பிள்ளை, இரத்தம் கெட்டுப்போச்சு." அப்படித்தான் அந்த 11 மாதம் தொடங்கியது. சாப்பாட்டால் ஒவ்வாமை வரவே வராது என்று நான் சொல்ல வரவில்லை. இறால் சாப்பிட்டு உதடு வீங்கி மூச்சு முட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது உயிருக்கே ஆபத்து. ஆனால் அது பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களில் இருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். விரல் இடுக்கில் மட்டும் மாதக்கணக்கில் நின்று வெடிக்காது. இதை அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். பாமசியில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் பூசினேன். அது மூன்று நாளில் கையைப் பளிங்காக்கியது. நிறுத்திய நாலாம் நாள் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. கடும் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, அன்டிபயோட்டிக் மூன்றும் கலந்த களிம்பு அது என்று பிறகு அறிந்தேன். இப்படிக் கலவைக் களிம்புகளில் சேர்க்கிற நியோமைசின் என்ற மருந்தே பலருக்குத் தோல் ஒவ்வாமை கொடுக்குமாம். ஆக, புண்ணுக்குப் பூசுவதும் புண்ணாக்கலாம். செட்டிரிசின் குளிசை போட்டேன், நித்திரை வந்தது, கடி போகவில்லை. தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்து அலர்ஜிப் பரிசோதனை செய்தேன். காசு போனதுதான் மிச்சம், அறிக்கையில் ஒன்றும் இல்லை. ரப்பர் கிளவுஸ் போட்டுக் கழுவினேன். மணிக்கட்டு வழியாக நுரைத்தண்ணீர் உள்ளே இறங்கி, விரல்கள் அதிலேயே அரை மணி நேரம் ஊறின. இன்னும் மோசமானது.

2023 நவம்பரில் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தது. 12 நாள் மட்டக்களப்பில் அவளோடு இருந்தேன். அங்கேயும் சட்டிபானை எல்லாம் நான்தான் கழுவினேன், குழந்தையின் துணி வேறு. ஐந்தாம் நாள் பார்த்தால் வெடிப்பு மூடத் தொடங்கியிருக்கிறது. திரும்பும்போது மோதிரம் போட முடிந்தது! பத்தியச் சாப்பாடு சேர்ந்துவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டார். வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் மீண்டும் கடி. தங்கச்சி வீட்டுக் குசினியில் இருந்தது கட்டிச் சவர்க்காரமும் தேங்காய்த் தும்பும் என்பது அப்போது என் மூளையில் ஏறவே இல்லை. தண்ணீர் மாறியதுதான் காரணம் என்று நினைத்தேன். கன்னியா வெந்நீரூற்றில் போய்க் கையை நனைத்துவிட்டும் வந்தேன்.

அப்புறம் தை வந்தது. 2024 பொங்கலுக்கு முன் மண்டபமும் சாமியறையும் பெயிண்ட் அடித்தோம். வாடை மழை விடாமல் பெய்ததால் ஜன்னல்களை மூடியே வைத்திருந்தோம். தூரிகையை நான் தொடக்கூட இல்லை. இரண்டாம் நாள் இரவு கண் இமைகள் கனத்தன. காலையில் கண்ணாடியைப் பார்த்தபோது என் முகத்தை எனக்கே தெரியவில்லை. இரண்டு கண்ணும் கோடு மாதிரி, கன்னமும் கழுத்தும் சிவந்து தடித்துப்போயின. பொங்கல் பானை பொங்கியதை இமையை விரலால் தூக்கிப் பிடித்துத்தான் பார்த்தேன். அம்மா மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார்.

அந்த முகத்தோடு தோல் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் முகத்தைப் பார்க்கும் முன் கையைப் பார்த்தார். "என்ன சாப்பிட்டீங்க" என்று அவர் கேட்கவே இல்லை. எதைத் தொடுகிறீர்கள், எதைப் பூசுகிறீர்கள், வீட்டில் புதிதாக என்ன வந்தது என்று கேட்டார். பாத்திரம் கழுவுவதையும் பெயிண்டையும் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கொழும்பில் பட்ச் டெஸ்ட் செய்யக் கடிதம் எழுதித் தந்தார்.

அந்தச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போகப் பயந்து எனக்கு எழுதுகிறவர்கள் உண்டு. ஊசி இல்லை, இரத்தம் எடுப்பதில்லை. ஒரு ஞாயிறு இரவு ரயில் ஏறி, வெள்ளவத்தையில் மச்சாள் வீட்டில் தங்கினேன். திங்கட்கிழமை முதுகில் வரிசை வரிசையாகச் சின்ன வட்டக் கிண்ணங்கள் உள்ள பிளாஸ்டரை ஒட்டினார்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு பொருள் துளியளவு: நிக்கல், வாசனைக் கலவை, ரப்பர் இரசாயனம், தலைமயிர்ச் சாயம், பதனப்பொருட்கள். பேனாவால் முதுகில் எண் போட்டார்கள். 48 மணி நேரம் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கக் கூடாது. கொழும்பின் மார்ச் வெக்கையில் அதுதான் கஷ்டம். மச்சாள் இரண்டு நாளும் விசிறியை என் பக்கமே திருப்பி வைத்தாள். புதன்கிழமை கழற்றிப் பார்த்தார்கள், வெள்ளிக்கிழமை திரும்பவும் பார்த்தார்கள். ஏன் இரண்டு தடவை என்றால் இந்த வகை ஒவ்வாமை மெதுவாகத்தான் எழும்பும். ஜோசப் யாடசோன் என்ற தோல் மருத்துவர் இந்த முறையை வெளியிட்டது 1895 இல். 100 வருடத்துக்கு மேலாகியும் தொடு ஒவ்வாமைக்கு இதைவிட நம்பகமான சோதனை வரவில்லை. நான் காசு கொடுத்துச் செய்த இரத்தப் பரிசோதனை வேறு வகை ஒவ்வாமைக்கானது. என் வருத்தம் அதில் தெரியவே தெரியாது.

வெள்ளிக்கிழமை என் முதுகில் இரண்டு வட்டம் சிவந்திருந்தது. ஒன்று நிக்கல். பள்ளிக்கூடக் காலத்தில் இருந்தே கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகும், ஆகவே அது ஆச்சரியமாக இல்லை. மற்ற வட்டத்தில் சின்னக் கொப்புளங்களே எழும்பியிருந்தன. அதன் பெயரை ஒரு துண்டில் எழுதித் தந்தார்கள். மீதைல்ஐசோதயசோலினோன். மகள் பத்துத் தடவை சொல்லித் தந்த பிறகுதான் வாயில் நுழைந்தது.

இது ஒரு பதனப்பொருள். தண்ணீர் கலந்த எந்தப் பொருளும் போத்தலில் கிடந்தால் கிருமியும் பூஞ்சையும் வளரும். அது வளராமல் இருக்கச் சேர்ப்பது. பாத்திரம் கழுவும் லிக்குயிட், கை கழுவும் லிக்குயிட், ஷாம்பு, ஈரத் துடைப்பான், அப்புறம் தண்ணீரில் கரையும் சுவர்ப் பெயிண்ட். என் கைக்கும் முகத்துக்கும் முடிச்சு விழுந்த இடம் அதுதான். பெயிண்ட் காயும்போதும், காய்ந்த பிறகு சில கிழமைகளுக்கும், இது காற்றில் கலந்து வரும். கண் இமையின் தோல் உடம்பிலேயே மெல்லியது, ஆகவே அங்கேதான் முதலில் பிடிக்கும். வீட்டுக்கு வந்து பின்பக்கத்தில் கிடந்த பெயிண்ட் வாளியை மகள் புரட்டிப் பார்த்தாள். சின்ன எழுத்தில் அந்தப் பெயர் இருந்தது. பேசினடியில் இருந்த கை கழுவும் போத்தலிலும் இருந்தது. லிக்குயிட் கேனில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலே இல்லை. அதில் அதுதான் இருந்தது என்று ஆய்வுகூடச் சான்று என்னிடம் கிடையாது. அதையும் கை கழுவும் போத்தலையும் ஒரே நாளில் நிறுத்தினேன், ஆறு கிழமையில் கை மாறியது, இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஐரோப்பாவில் 2005 இல் இதை அழகுசாதனப் பொருட்களில் தனியாகச் சேர்க்க அனுமதித்தார்கள், பத்து இலட்சத்தில் 100 பங்கு வரை. அடுத்த சில வருடங்களில் என்னைப் போல ஆட்கள் தோல் கிளினிக்குகளில் குவியத் தொடங்கினார்கள். 2013 இல் அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் அந்த வருடத்தின் ஒவ்வாமைப் பொருள் என்று இதை அறிவித்தது. 2017 இல் இருந்து பூசிவிட்டுக் கழுவாமல் விடும் கிரீம்களில் சேர்க்க ஐரோப்பா தடை போட்டது. ஷாம்பு போலக் கழுவி விடுபவற்றில் 15 பங்குக்குக் குறைத்தது. இதையெல்லாம் வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. கேனில் ஒரு வரி எழுதி ஒட்டுவதற்கு என்ன செலவாகும்?

இனி அந்த ஆறு மாதத்துக்கு வருகிறேன். "ஆறு மாதமா இதைத்தானே பாவிக்கிறன், இதால எப்படி வரும்?" என்று நானே டொக்டரிடம் வாதாடினேன். அவர் சொன்ன விளக்கம்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. இந்த இரசாயனங்கள் மிகச் சின்னவை, தோலுக்குள் நுழைந்து நம் தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு அதை எதிரி என்று ஒரு நாள் முடிவு செய்யும். அந்த நாள் பத்துப் பதினைந்து நாளிலும் வரலாம், பத்து வருடம் கழித்தும் வரலாம். முடிவு செய்த பிறகு பெரும்பாலும் ஆயுள் முழுக்க மறக்காது. அதற்குப் பிறகு தொட்டால்கூட உடனே ஒன்றும் தெரியாது. ஒன்றில் இருந்து மூன்று நாள் கழித்தே கடிக்கும். திங்கட்கிழமை தொட்டதற்குப் புதன்கிழமை கடித்தால் நாம் யாரைச் சந்தேகிப்போம்? செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட இறாலைத்தான். நாள் முழுக்க ஈரத்தில் நின்ற என் கைத்தோலின் காவலும் ஏற்கனவே உடைந்திருந்தது, ஆகவே இரசாயனம் உள்ளே போக வழி இலேசாகிவிட்டது.

இப்போது நான் பிடித்திருக்கும் வழி எளிமையானது. தண்ணீர் இல்லாத பொருளுக்கு இந்தப் பதனப்பொருள் பெரும்பாலும் தேவையில்லை. ஆகவே பாத்திரத்துக்குக் கட்டிச் சவர்க்காரமும் தும்பும். கைக்கு மணமில்லாத கட்டிச் சவர்க்காரம். கழுவியதும் துடைத்துவிட்டு வெள்ளை வசிலின். டொக்டரும் எனக்குத் தண்ணீர் சேர்ந்த கிரீம் தராமல் ஒயின்ட்மென்ட்தான் தந்தார். கழுவும்போது மெல்லிய பருத்திக் கையுறை, அதன் மேல் நீளமான வைனைல் கிளவுஸ், 20 நிமிடத்துக்கு மேல் போடுவதில்லை. மூலிகை, இயற்கை என்று எழுதியிருக்கும் லிக்குயிட்டையும் நான் நம்புவதில்லை. தேசிக்காய்ச் சாறு தேய்த்துக்கொண்டு வெயிலில் நின்று புறங்கை கருகிய ஒருவரை எனக்குத் தெரியும், தேசிக்காயும் இயற்கைதான். சோற்றுப்பானை கழுவுவதை இப்போது மகன் எடுத்துக்கொண்டான். 17 வயது. கேட்காமலே செய்கிறான்.

அன்று வெள்ளிக்கிழமை இரவு வெள்ளவத்தையில் மச்சாள் முருங்கைக்காய் போட்டு இறால் குழம்பு வைத்திருந்தாள். பயந்து பயந்து இரண்டு எடுத்தேன். பிறகு சட்டியை என் பக்கம் இழுத்தேன்.

இந்தக் கதை ஒழுங்கையில் பரவியதும் ஆட்கள் வந்து தங்கள் தோலைக் காட்டத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டு அண்ணா மேசன். சீமெந்து குழைத்துக் குழைத்து அவர் உள்ளங்கை பாளம் பாளமாக வெடித்திருக்கும். சீமெந்தில் குரோமேட் இருக்கிறது, அதற்கும் இதே மாதிரி ஒவ்வாமை வரும். டென்மார்க்கில் 1983 இல் இருந்தே சீமெந்தில் இரும்பு சல்பேட் கலந்து அதைக் குறைக்கச் சட்டம் போட்டிருக்கிறார்கள், 2005 இல் ஐரோப்பா முழுக்க வந்தது. இதை அவரிடம் சொன்னேன். "தொழிலை விட ஏலுமா தங்கச்சி" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீளக் கிளவுஸ் இரண்டு சோடி வாங்கிக் கொடுத்தேன், கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டும் போனேன். அவருக்கும் கொழும்புக் கடிதம் கிடைத்திருக்கிறது. ஆறு நாள் கூலி போகுமே என்று இன்னும் போகவில்லை.

கடைசியாக அம்மா. அவர் 30 வருடத்துக்கு மேலாக ஒட்டுப் பொட்டுதான் வைக்கிறார். ஒரு நாள் முகம் கழுவிவிட்டு வரும்போது பார்த்தேன், பொட்டு இருக்கும் இடத்தில் ஒரு ரூபாய்க் குற்றியளவு வெள்ளை. "எப்ப இருந்து அம்மா?" என்று கேட்டேன். மூன்று வருடமாம். வெண்குஷ்டம் என்று பயந்து யாருக்கும் சொல்லாமல், வெள்ளை பெரிதாகப் பெரிதாகப் பொட்டையும் பெரிதாக வாங்கி மறைத்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பொட்டின் பசையில் சேர்க்கும் பாரா டேர்ஷரி பியூட்டைல்பீனோல் என்ற பொருள் தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்களையே கொல்லக் கூடியது. பொட்டு வைக்கும் பெண்களிடம் இந்தியாவில் தோல் மருத்துவர்கள் இதை எத்தனையோ வருடத்துக்கு முன்பே கண்டு எழுதியிருக்கிறார்கள். டொக்டர் பார்த்துவிட்டு, பொட்டை விட்டால் நிறம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். அப்பா உயிரோடு இருக்கும்போது நெற்றியை எப்படி வெறுமையாக விடுவது என்று அம்மா இரண்டு கிழமை மறுத்தார். கடைசியில் அப்பாதான் சாமியறைக்குக் கூட்டிப்போய்த் தன் கையால் திருநீறு பூசிவிட்டு, "இது காணும்" என்றார்.

இப்போது ஏழு மாதம். வெள்ளிக்கிழமைகளில் அம்மாவை ஜன்னலடியில் நிற்கவைத்து நெற்றியைப் பார்ப்பேன். வெள்ளையின் ஓரத்தில் கடுகளவில் இரண்டு மண்ணிறப் புள்ளிகள் வந்திருந்தன. போன வெள்ளி மூன்றாவதையும் கண்டேன்.